வண்டியை மாற்றுவதா? வழியைச் சீர்செய்வதா?



"இருக்கும் வண்டியை விற்றுவிட்டு, எந்த மேட்டிலும் எந்தச் சேற்றிலும் ஏறக்கூடிய பெரிய வண்டி ஒன்றை வாங்கிவிடலாமா?" என்னும் கேள்வி தோட்டமோ தோப்போ வைத்திருக்கும் குடும்பங்களில் என்றேனும் ஒரு நாள் எழத்தான் செய்யும். எங்கள் குடும்பத்தில் அது 2023ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் எழுந்தது. ஓர் உயிர் ஊசலாடிய இரவுக்குப் பின் எழுந்தது.

நான் மதரஸாவில் பாடம் சொல்லிக் கொடுப்பவன். கல்லூரியில் வரலாறு பயின்றவன். ஒரு பழைய மொபெட்டைத் தவிர வேறு வண்டி எனக்குச் சொந்தமாக இருந்ததில்லை. ஆயினும் என் அக்காவும் மச்சானும் மஷூராவுக்கு என்னை அழைத்தனர். அந்த ஆலோசனையில் நான் கற்றுக்கொண்டவை உங்களுக்கும் பயன்படலாம் என்பதாலேயே இதை எழுதுகின்றேன்.

ஏலமலைக்குச் செல்லும் வழி

கம்பம், உத்தமபாளையம், போடி வட்டாரங்களில் பொழுது புலருமுன்பே ஜீப்புகள் உறுமத் தொடங்கிவிடும். தோட்ட வேலைக்குச் செல்லும் ஆண்களும் பெண்களும் அவற்றில் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகக் கேரளத்தின் ஏலமலைக்குச் செல்கின்றனர். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. எனினும் அது தார்ச்சாலை. நல்ல நிலையிலுள்ள எந்த வண்டியும் அதில் ஏறிவிடும். தார் முடிந்து தோட்டத்து மண்பாதை தொடங்கும் இடத்திலேதான் தொல்லையும் தொடங்குகின்றது.

ஏலச்செடி நிழலையும் ஈரத்தையும் விரும்புவது. மரக்கூட்டத்தின் கீழ், இலைமக்கு நிறைந்த மண்ணில் வளர்வது. அறுவடையின் பெரும்பகுதி மழைக்காலத்தை ஒட்டியே வருகின்றது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காயை உலர்த்தினால்தான் 1 கிலோ ஏலக்காய் கிடைக்கும். ஆகவே பாதை மிக மோசமாக இருக்கும் நாட்களில்தான், ஐந்து மடங்கு எடையுள்ள பச்சைக்காய் மூட்டைகளை உலர்த்தும் ஸ்டோருக்குக் கொண்டுசேர்க்க வேண்டியிருக்கின்றது. இந்த நெருக்கடியை அறியாதவர், "தோட்டக்காரருக்கு எதற்கு இத்தனை பெரிய வண்டி?" என்று கேட்பது எளிது.

இம்மலைகளில் இத்தனை காலம் உழைத்த வாகனம் ஜீப்தான். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்காக உருவாக்கப்பட்டது அது. அதனை நம் நாட்டில் தயாரித்த நிறுவனத்தின் தொடக்கத்தில் ஒரு முஸ்லிம் பங்காளியும் இருந்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? 1945ஆம் ஆண்டு மஹிந்திரா சகோதரர்கள் இருவரும் மாலிக் குலாம் முஹம்மதும் இணைந்து தொடங்கிய அந்நிறுவனத்தின் முதற்பெயர் 'மஹிந்திரா அண்ட் முஹம்மத்' என்பதாகும். பிரிவினைக்குப் பின் குலாம் முஹம்மத் பாகிஸ்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் விளங்கினார். 1948இல் நிறுவனம் 'மஹிந்திரா அண்ட் மஹிந்திரா' எனப் பெயர் மாறியது. வரலாறு படித்தவன் என்பதால் இதைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

அந்த இரவு

மச்சானுக்கு உடும்பன்சோலைப் பகுதியில் 4 ஏக்கர் ஏலத்தோட்டம் உள்ளது. அவரிடம் இருந்ததோ பின்சக்கரங்கள் மட்டுமே இயங்கும் பிக்கப் வண்டி. அதை ஓட்டுபவன் அவருடைய மகன், என் மருமகன்.

ஜூலை மாதத்து அடைமழையில், இரவு 9 மணியளவில், தோட்டத்திலேயே தங்கியிருந்த தொழிலாளி ஒருவருக்கு நெஞ்சுவலி கண்டது. ஐம்பது வயதைக் கடந்தவர்; முப்பது ஆண்டுகளாக அந்தத் தோட்டத்தோடு வாழ்பவர். அவரை வண்டியில் கிடத்திக்கொண்டு மருமகன் புறப்பட்டான். தார்ச்சாலையை அடைவதற்கு முன் ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. அதன் நடுவில் சக்கரங்கள் சேற்றில் சுழன்றன. வண்டி ஏறவில்லை, பக்கவாட்டில் சறுக்கியது. இறுதியில் கம்பளியில் அவரைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் மழையில் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்தனர். சாலையில் வேறொரு ஜீப் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் "இன்னும் அரைமணி நேரம் பிந்தியிருந்தால்..." என்று மருத்துவர் தொடங்கி முடிக்காமல் விட்ட வாக்கியம் என் மருமகனை உறங்கவிடவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின், அவன் தன் தந்தையின் முன் ஒரு விளம்பரத் தாளை வைத்தான். நான்கு சக்கரங்களும் இயங்கக்கூடிய, இரண்டு வரிசை இருக்கைகள் கொண்ட பெரிய பிக்கப் வண்டி. பதிவும் காப்பீடும் சேர்த்தால் விலை 25 இலட்சத்தைத் தொடும்.

"அத்தா, இது ஆடம்பரத்துக்குக் கேட்பதல்ல. ஓர் உயிருக்காகக் கேட்கிறேன்" என்றான்.

இதற்கு எவர்தான் மறுப்புச் சொல்ல முடியும்? மச்சான் ஏறக்குறைய இசைந்துவிட்டார். உண்மையைச் சொன்னால், பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதுபோன்ற வண்டி ஒன்றை வாங்கி நிறுத்தியிருந்ததும் அவர் இசைவுக்கு ஒரு காரணம். இதைப் பின்னர் அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்.

அக்கா கேட்ட இரண்டு கேள்விகள்

அதுவரை பேசாமலிருந்த அக்கா, "கடந்த ஒரு வருடத்தில் வண்டி எத்தனை முறை சிக்கியது? எந்த இடத்தில் சிக்கியது?" என்று மகனிடம் கேட்டார். அவன் நினைவுபடுத்தி எழுதினான். பதினொரு முறை. அவற்றுள் ஒன்பது முறை சிக்கிய இடம் ஒன்றே! அதே ஏற்றம்தான். பின்னர் அதை நாடாவால் அளந்தோம். வெறும் 70 மீட்டர் நீளம்.

அக்காவின் அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. "இந்தப் புது வண்டியில் எத்தனை பேரை ஏற்றுவீர்கள்?"

மச்சான் விடை கூறவில்லை. ஏனெனில் சரக்கு ஏற்றுவதற்கென்று பதிவான பழைய வண்டியின் பின்புறத்திலேயே, அறுவடைக் காலத்தில் பன்னிரண்டு பேர் வரை நின்றுகொண்டு சென்றதுண்டு. வண்டியின் வலிமை கூடினால் ஆட்களின் எண்ணிக்கையும் கூடும். ஆபத்து குறைவதற்கு மாறாக வளரும். இந்தத் தவற்றில் என் குடும்பத்தாருக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்காமல் எழுதுகின்றேன்.

பட்டறைப் பெரியவர் தந்த பாடம்

மறுநாள் வண்டியைக் கம்பத்திலுள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டு சென்றோம். அறுபதைக் கடந்த அந்தப் பெரியவர் எஞ்சினைத் திறந்து பார்க்கவே இல்லை. குனிந்து பின்சக்கரத்தை விரலால் தடவினார். "ராவுத்தரே, இந்த டயரில் பூவே இல்லையே!" என்றார்.

டயரின் வரிப்பள்ளத்தைத்தான் 'பூ' என்கின்றனர். அதன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சாலைக்கான விதி. மழைக்காலத்து மண்பாதைக்கு அந்த அளவும் போதாது. எங்கள் வண்டியின் டயரிலோ அதுவும் இல்லை.

"மார்ச் மாதமே டயர் மாற்றச் சொன்னேன் அத்தா, அறுவடை முடியட்டும் என்றீர்கள்" என்று மருமகன் மெல்லச் சொன்னான். மச்சான் தலை குனிந்தார். நான்கு டயர்களின் விலை 30 ஆயிரம் ரூபாய். அந்த 30 ஆயிரத்தைச் செலவிடத் தயங்கிய நாங்கள்தாம், இப்போது 25 இலட்சத்தைச் செலவிடத் துணிந்து நின்றோம்!

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நின்று உங்கள் வீட்டை எண்ணிப் பாருங்கள். சிறு பராமரிப்பைத் தள்ளிப்போட்டுவிட்டு, அதனால் விளைந்த துன்பத்துக்குப் பெரிய பொருளை மருந்தாக வாங்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா?

பெரியவர் மேலும் விளக்கினார். அவர் சொன்னதை என் மொழியில் தருகின்றேன். வண்டி வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருள வேண்டும். அதற்கு இடந்தருவதே அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரப் பெட்டி. சமதளத்தில் அது நன்மை. சேற்றிலோ அதுவே தடை. ஒரு பக்கச் சக்கரம் பிடிப்பின்றிச் சுழன்றால், அந்தச் சக்கரம் ஏற்கும் சிறிதளவு விசை மட்டுமே மறுபக்கத்துக்கும் கிடைக்கும். கெட்டித் தரையில் நிற்கும் சக்கரம் வலிமையிருந்தும் சும்மா நிற்கும். மேலும், பிக்கப் வண்டியில் சுமை இல்லாதபோது பின்சக்கரங்களின் மீது அழுத்தம் குறைவு. அன்றிரவு நடந்தது இதுவே: தேய்ந்த டயர், ஏறக்குறைய காலியான வண்டி, வாய்க்கால் அடைபட்டுப் பாதை மீது ஓடிய தண்ணீர். மூன்றும் ஒன்றுசேர்ந்தன.

நான்கு சக்கர இயக்கம் செய்வதும் செய்யாததும்

நான்கு சக்கர இயக்கம் முன்சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளிக்கின்றது. அதனுடன் உள்ள 'லோ கியர்' பல வண்டிகளில் சக்கரத்துக்குச் செல்லும் திருகுவிசையை இரண்டரை மடங்கு அளவுக்கு உயர்த்தி, வேகத்தை அதே அளவில் குறைக்கின்றது. ஏற்றத்தில் வண்டி ஆமைபோல் நகர்ந்து ஏறும். இறக்கத்தில் எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். பிரேக்கை ஓயாமல் மிதித்துச் சூடாக்க வேண்டியதில்லை. இவை மெய்யான நன்மைகள்.

ஆனால் வண்டியை நிறுத்துவதற்கு அது உதவாது. பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும்தான் உள்ளது. ஈரச் சாலையில் வேகமாகச் சென்றால் நான்கு சக்கர இயக்கமும் சறுக்கும். பழைய வகை ஜீப்புகளில், காய்ந்த தார்ச்சாலையில் அதனை இணைத்து ஓட்டினால் பல்சக்கரங்கள் முறுக்கேறிப் பழுதுபடும். 'என் வண்டி எங்கும் ஏறும்' என்னும் செருக்கு ஓட்டுநரின் நெஞ்சில் குடிபுகுந்துவிட்டால், முன்பு திரும்பி வந்திருக்க வேண்டிய இடத்தையும் தாண்டிச் சென்று, உதவி எட்டாத இடத்தில் சிக்கிக்கொள்வார்.

பாதையே இல்லாது போனால் எந்த வண்டியும் பயன்படாது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. 70 உயிர்கள் பறிபோயின. பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்தம் குடும்பத்தினருமே. அப்பகுதிக்குச் செல்லும் வழியில் பாலம் சேதமுற்றிருந்தது. தகவல் தொடர்பும் அறுபட்டிருந்தது. மீட்க வந்தவர்கள் தாமதித்தே சேர முடிந்தது. மலையில் வாழ்வோர்க்கு வண்டியினும் முதன்மையானவை வாய்க்காலும் பாலமும் பாதையும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

சோதித்துப் பார்த்தோம்

பிக்கப் வண்டிக்குப் புது டயர்களை உடனே மாட்டினோம். ஆகஸ்டு மாதத்து மழை நாளொன்றில், பட்டறைப் பெரியவரையும் அழைத்துக்கொண்டு அதே ஏற்றத்துக்குச் சென்றோம். அளவான சுமையுடன் பிக்கப் ஏறியது. மூன்றில் இரண்டு பங்கு தூரம் தடையின்றிச் சென்று, அதன்பின் சறுக்கி நின்றது. அடுத்து, அண்டைத் தோட்டத்துக்காரர் ஒருவரின் பழைய நான்கு சக்கர இயக்க ஜீப்பை மருமகன் லோ கியரில் ஏற்றினான். ஓசை மட்டுமே பெரிதாக இருந்தது. வண்டி நிற்காமல் மேலே சேர்ந்தது.

ஆகவே மருமகன் கேட்டதிலும் நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டோம். டயர் மட்டும் போதாது. நான்கு சக்கர இயக்கம் தேவைதான். ஆனால் 25 இலட்சத்துப் பெரிய பிக்கப்தான் வேண்டுமா?

நாடாவை எடுத்துப் பாதையின் வளைவுகளை அளந்தோம். இத்தகைய பெரிய பிக்கப் வண்டிகளின் நீளம் 5 மீட்டருக்கு மேல். டொயோட்டா ஹைலக்ஸ் 5.3 மீட்டர் நீளமுடையது. மூன்று கதவுத் தார் போன்ற வண்டிகளோ 4 மீட்டருக்கு உட்பட்டவை. எங்கள் பாதையின் இரண்டு வளைவுகளில் நீண்ட வண்டி ஒரே மூச்சில் திரும்பாது. பள்ளத்தின் விளிம்பில், மழையில், இருட்டில், பின்னுக்கு எடுத்துத் திருப்ப வேண்டும். எந்த அவசரத்துக்காக அதை வாங்க நினைத்தோமோ அந்த அவசரத்திலேயே அது தடுமாறும்!

கணக்கு

மச்சானிடம் சேமிப்பாக 8 இலட்சம் இருந்தது. மீதி 17 இலட்சத்துக்குக் கடன். ஆண்டுக்கு 10 விழுக்காடு வட்டியில் 5 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதந்தோறும் 36 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் ஏறத்தாழ 4 இலட்சத்து 67 ஆயிரம். வட்டி விலக்கப்பட்டது என்பதை நமக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை. ஆயினும் வண்டி வாங்கும் மகிழ்ச்சியில் அதை மறந்துவிடுகின்றோம்.

மார்க்கத்தை ஒருபுறம் வைத்து உலகக் கணக்காகப் பார்த்தாலும் இது ஆபத்தே. 2019இல் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை ஏறிய ஏலக்காய், 2022இல் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. வருமானம் இப்படி ஏறி இறங்க, மாதத் தவணை மட்டும் அசையாமல் நிற்கும். அந்தத் தவணைக்காக முதலில் வெட்டப்படுவது எது? டயரும் பிரேக்கும் தொழிலாளியின் கூலியும்தான்.

முடிவு

இறுதியில் மூன்று செயல்களை முடிவு செய்தோம்.

முதலாவது, அந்த 70 மீட்டர் ஏற்றத்தைச் சீர்செய்வது. அப்பாதையைப் பயன்படுத்தும் தோட்டக்காரர்கள் நால்வர். முதலில் மறுத்தவர்களும், நெஞ்சுவலி கண்டவரைத் தூக்கி நடந்த கதையைக் கேட்டபின் இசைந்தனர். பக்க வாய்க்காலைத் தோண்டித் தண்ணீரை விலக்கினோம். மழை ஓய்ந்த பின், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சக்கரம் ஓடும் இரு தடங்களுக்கு மட்டும் கான்கிரீட் இட்டோம். எங்கள் பங்கு 40 ஆயிரம் ரூபாய்.

இரண்டாவது, பத்தாண்டு பழகிய நான்கு சக்கர இயக்க ஜீப் ஒன்றை 5 இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, கடனின்றி வாங்கினோம். பட்டறைப் பெரியவர் பார்த்துச் சொன்ன பின்பே பணம் கொடுத்தோம். லோ கியர் எளிதில் விழுகின்றதா, சட்டத்தில் துரு அரித்துள்ளதா, டிஃபரன்ஷியல் எண்ணெய் தண்ணீர் கலந்து பால்போல் வெளுத்துள்ளதா, பதிவுச் சான்றும் தகுதிச் சான்றும் சரியாக உள்ளனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். பழைய வண்டி வாங்குவோர் இந்நான்கையும் மறவாதிருப்பது நலம்.

மூன்றாவது முடிவு அக்காவுடையது. பதிவுச் சான்றில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர் மட்டுமே ஜீப்பில் ஏற வேண்டும். பிக்கப்பில் சரக்கைத் தவிர ஆள் ஏறக்கூடாது. இதனால் காலையில் இரண்டு நடை போக வேண்டியிருக்கின்றது. டீசல் செலவு கூடுதல்தான். மச்சான் அவ்வப்போது முணுமுணுப்பார். அக்கா அசைவதில்லை.

மருமகனுக்கு முதலில் வருத்தமே. புதிய வண்டியின் படத்தை அவன் நெடுநாள் கைப்பேசியில் வைத்திருந்தான். 2024ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் என்னிடம், "மாமா, இந்த ஜூன் மாதத்திலிருந்து லோ கியரை மூன்று முறைதான் போட்டேன்" என்றான். அந்தச் சொல்லில் சிறிது ஏமாற்றமும் நிறைய நிம்மதியும் இருந்தன. ஏற்றம் சீரானபின் ஜீப்புக்கே வேலை குறைந்துவிட்டது!

உங்கள் வீட்டில் இக்கேள்வி எழும்போது

பெரிய வண்டி வாங்குவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நீண்ட ஆற்றுப்படுகையைக் கடப்போர்க்கும், ஆண்டு முழுவதும் பல மைல் மண்பாதையில் பெருஞ்சுமை ஏற்றுவோர்க்கும் அது தேவையாக இருக்கலாம். ஆனால் விளம்பரத் தாளைப் புரட்டுமுன் ஒரு வெள்ளைத் தாளை எடுங்கள். சென்ற ஆண்டில் எத்தனை நாள், எந்த இடத்தில், எதனால் சிக்கினீர்கள் என எழுதுங்கள். டயரைக் குனிந்து பாருங்கள். வாங்க எண்ணும் வண்டியை, அதே பாதையில், மழையில் ஓட்டிப் பாருங்கள். வண்டியில் ஏறப்போகின்றவர்களையும் எண்ணுங்கள். குறிப்பாக, வீட்டுப் பெண்களின் கருத்தைக் கேளுங்கள்.

அந்தத் தொழிலாளி இப்போது ஸ்டோரில் காய் தரம்பிரிக்கும் இலேசான வேலையில் இருக்கின்றார். சென்ற முறை நான் தோட்டத்துக்குச் சென்றபோது, கான்கிரீட் தடத்தின் ஓரத்து வாய்க்காலில் விழுந்து கிடந்த இலைகளை மண்வெட்டியால் அள்ளிக்கொண்டிருந்தார். "இதை ஏன் நீங்கள் செய்கிறீர்கள்?" என்று வினவினேன்.

"இதை அடைய விட்டால் மறுபடியும் யாரையாவது தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும், அஸ்ரத்" என்றார்.